கையிருப்பு மரத்துக்கு என்ன விலை போடுவது?

கோத்தகிரி வட்டாரத்தில் தச்சுப் பட்டறை நடத்தும் ஒரு பெண்மணியின் கடிதம் இது. பெயரும் ஊரும் வெளிவர வேண்டாமென்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டு, கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாமனார் தொடங்கிய பட்டறையை இவர் ஆறு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார். மாதச் சம்பளத்தில் நான்கு ஆசாரிகள் இருக்கிறார்கள். ஷோகேஸ், அலமாரி, தங்கும் விடுதிகளுக்கான கட்டில், முக்காலி ஆகியவை வழக்கமான வேலைகள். ஆண்டு விற்பனை 28 லட்சம் ரூபாய் அளவில் நிற்கிறது. ஆடி முதல் புரட்டாசி வரை மழைக்குக் கட்டட வேலைகள் நின்றுபோகும், பட்டறையிலும் வேலை குறைந்துவிடும் என்று எழுதுகிறார்.

இந்த நிலையில் கோவையிலுள்ள ஒரு நிறுவனம், தீபாவளிக்குத் தன் முகவர்களுக்குத் தேயிலைத்தூள் வைத்துக் கொடுப்பதற்காக 600 மரப்பெட்டிகள் கேட்டிருக்கிறது. சில்வர் ஓக் உடல், தேக்கு மூடி, கீலும் கொண்டியும் பித்தளையில், மூடியின்மேல் நிறுவனத்தின் முத்திரை. பெட்டிக்கு 450 ரூபாய் தருவதாகவும், சரக்கு வந்து 60 நாள் கழித்துப் பணம் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். இது ஒருமுறை ஆர்டர்தான். அடுத்த ஆண்டு வேறு ஏதாவது பரிசு கொடுப்பார்களாம்.

வாசகி போட்டிருக்கும் கணக்கு இது. 75 கன அடி சில்வர் ஓக், வாங்கிய விலையில் 52,500. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதி ரத்து செய்த ஆர்டரில் மிஞ்சிய தேக்குத் துண்டுகள், வாங்கிய விலையில் 48,000. கீல், கொண்டி 22,800. வார்னிஷ், பசை, உப்புத்தாள் 15,000. பெட்டிக்கு ஒரு மணி நேரம் வீதம் 600 மணி நேரக் கூலி, மணிக்கு 120 வீதம் 72,000. இரண்டு மாதப் பட்டறை வாடகை 24,000. இழைக்கும் மெஷினின் தேய்மானம் 15,000. தன் மேற்பார்வைக்கு 20,000. மாதிரிப் பெட்டிகள் செய்ததும் கோவைக்கு இரண்டு முறை போய்வந்ததும் 8,500. முத்திரை பதிக்க 10,800. லாரி வாடகை 12,000. அட்டைப் பெட்டியில் கட்ட 7,200. கூடுதலாக ஓடும் மின்சார யூனிட்டுகளுக்கு 6,500. ஆக 3,14,300, பெட்டிக்கு ஏறக்குறைய 524 ரூபாய். 450 ரூபாய்க்குக் கொடுத்தால் மொத்தத்தில் 44,300 நஷ்டம் என்று மறுத்துவிட நினைக்கிறார்.

அவருடைய கொழுந்தனார் வேறு மாதிரி சொல்கிறாராம். மரம் கொட்டகையில் கிடக்கிறது, ஆசாரிகளுக்கு எப்படியும் சம்பளம் போகிறது, புதிதாகக் கையைவிட்டுப் போகும் காசு 74,300 மட்டுமே, அதாவது பெட்டிக்கு 124 ரூபாய். 300 ரூபாய்க்குக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்பது அவர் வாதம். “கணக்குப் போட்டால் நஷ்டம், போடாவிட்டால் லாபம் என்கிறார்கள். நான் எதை நம்புவது?” என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. ஆண்டு முடிவில் பட்டறை லாபத்தில் ஓடியதா என்று பார்ப்பதற்கு அது சரியான கணக்குதான். ஆனால் நீங்கள் இப்போது கேட்பது அந்தக் கேள்வியை அல்ல. இந்த ஓர் ஆர்டரை எடுப்பதா, விடுவதா என்று கேட்கிறீர்கள். அதற்கு ஒவ்வொரு வரியையும் ஒரே ஒரு கேள்வியால் சோதிக்க வேண்டும்: இந்த வேலையை எடுத்தால் இந்தத் தொகை மாறுமா? எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாறாத தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்த முடிவுக்கு அது செலவில்லை. எடுப்பதால் உங்கள் கைக்கு வராமல் போகும் தொகை, பில் ஏதும் இல்லாவிட்டாலும், செலவுதான். செலவுக் கணக்குப் பார்க்கும் எங்கள் தொழிலில் இதைத் தொடர்புடைய செலவு என்போம். நீங்கள் முதல் பாதியை விட்டுவிட்டீர்கள். உங்கள் கொழுந்தனார் இரண்டாம் பாதியை விட்டுவிட்டார். இருவரில் அவருடைய பிழைதான் அபாயமானது என்பேன், ஏனென்றால் உங்கள் பிழையால் ஓர் ஆர்டர் கைநழுவும். அவருடைய பிழையால் கைக்காசு போகும்.

கொட்டகையில் இருக்கும் மரம்

சில்வர் ஓக்கை நீங்கள் கன அடி 700 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். இன்று மில்லில் 820 என்று கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறீர்கள்; ஆனால் அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டியது அதைத்தான். ஷோகேஸுக்கும் அலமாரிக்கும் நீங்கள் வாராவாரம் எடுத்துக்கொண்டிருக்கும் மரம் அது. 75 கன அடியைப் பெட்டிகளுக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த அலமாரிக்கு மில்லுக்குப் போய் 820 கொடுத்துத்தான் வாங்கி வருவீர்கள். ஆகவே இந்த ஆர்டரால் பட்டறையைவிட்டு வெளியேறும் பணம் 61,500. 52,500 அல்ல, கொழுந்தனார் சொல்வதுபோல் பூஜ்யமும் அல்ல. தேயிலைத் தோட்டத்தில் நிழல் மரமாக நிற்கும் இந்த மரம் நம் மலையில் ஏராளம் என்று தோன்றினாலும், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் நடைமுறையில் இருப்பதால், தோட்டக்காரர் நினைத்த நேரத்தில் நினைத்த மரத்தை வெட்டி அனுப்பிவிட முடியாது. அனுமதி கிடைத்து மரம் இறங்கும் மாதத்துக்கும் இறங்காத மாதத்துக்கும் விலையில் இடைவெளி இருக்கும். விலை சொல்வதற்கு முதல் நாள் மில்லுக்கு ஒரு போன் போட்டு அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேக்கின் கதை இதற்கு நேர்மாறானது, கடிதத்தில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்த பகுதியும் அதுதான். 48,000 கொடுத்து வாங்கியது உங்களை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் ஒன்றரை அடிக்கும் குறைவாக வெட்டப்பட்ட அந்தத் துண்டுகளை நீங்கள் மறுபடி வாங்கப் போவதில்லை. எனவே மறுகொள்முதல் விலைக்கு இங்கே இடமில்லை. கேட்க வேண்டியது, பெட்டி மூடிக்குப் போகாவிட்டால் இந்தத் துண்டுகளுக்கு என்ன ஆகும் என்பதுதான். நீங்களே இரண்டு வழி எழுதியிருக்கிறீர்கள். மேட்டுப்பாளையத்து வியாபாரி 18,000 தருகிறார். இல்லையென்றால், கையிலிருக்கும் விடுதி ஆர்டரின் முக்காலிக் கால்களுக்கு இவற்றைப் பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால் 22,000 ரூபாய்க்கு வேறு மரம் வாங்க வேண்டியதில்லை, ஆனால் துண்டுகளை மறுபடி அறுத்து இழைக்க வெளியே 2,500 கொடுக்க வேண்டும். நிகரம் 19,500. இரண்டில் உயர்ந்தது எதுவோ அதைத்தான் நீங்கள் இழக்கிறீர்கள், ஆகவே தேக்குக்கு 19,500 போடுங்கள். மீதி 28,500 இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. அந்த விடுதிக்காரர் மீதுள்ள கோபத்தைக் கோவைக்காரர் தலையில் விலையாக ஏற்ற முடியாது.

மாதிரிப் பெட்டிக்கும் பேருந்துக்கும் போன 8,500 ரூபாயும் அப்படித்தான். ஆர்டர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது.

ஆசாரிகளின் நேரம்

600 மணி நேரத்தில் 400 மணி நேரம், நீங்கள் சொல்லும் கணக்குப்படி, ஆவணியிலும் புரட்டாசியிலும் ஆசாரிகள் சும்மா இருக்கும் நேரம். அவர்களை நிறுத்திவிட்டுப் பிறகு கூப்பிடும் பழக்கம் உங்களுக்கு இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த 400 மணி நேரத்துக்கு இந்த ஆர்டர் சுமக்க வேண்டிய கூலி பூஜ்யம். இதுவரை உங்கள் கொழுந்தனார் சரி.

மீதி 200 மணி நேரம்தான் சிக்கல். அதை ஷோகேஸ் வேலையிலிருந்து எடுக்க வேண்டும். அந்த வாடிக்கையாளர்கள் காத்திருக்க மாட்டார்கள், வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள் என்கிறீர்கள். ஷோகேஸ் வேலையில் மரம், சாமான், கூலி எல்லாம் போக மணிக்கு 90 ரூபாய் நிற்கிறது என்று சொல்லி, அப்படியானால் என் இழப்பு 200 பெருக்கல் 90, அதாவது 18,000 தானே என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஷோகேஸ் செய்யாமல் விட்டால் ஆசாரியின் 120 ரூபாய்க் கூலி மிச்சமாகிறதா? இல்லை, அவர் அதே சம்பளத்தில் பெட்டி செய்துகொண்டிருக்கிறார். ஆகவே ஷோகேஸை விடுவதால் உங்களுக்கு வராமல் போவது, மரத்தையும் சாமானையும் மட்டும் கழித்த தொகை, அதாவது 90 உடன் 120 சேர்ந்த 210. 200 மணி நேரத்துக்கு 42,000. கூலியைத் தனியாக மறுபடி சேர்க்கக் கூடாது, அது இதற்குள்ளேயே அடக்கம்.

இன்னொரு வழி ஓவர்டைம். இரட்டைக் கூலி கொடுத்து 200 மணி நேரத்தை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எடுத்தால் 48,000 ஆகும், ஷோகேஸ் வேலையும் நிற்காது. காகிதத்தில் 42,000 தான் குறைவு. ஆனால் 6,000 ரூபாய் வித்தியாசத்துக்காக, வருடந்தோறும் வரும் வாடிக்கையாளரை வருடத்துக்கு ஒருமுறைகூட வராத ஆர்டருக்காக அனுப்பிவிட நான் உடன்பட மாட்டேன். ஓவர்டைமையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ஆசாரிகளுக்கும் தீபாவளிச் செலவுக்குக் கையில் காசு சேரும். ஷோகேஸ்காரர்களில் யாராவது ஐப்பசி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொன்னால் அந்த நேரத்துக்கு இழப்பே இல்லை, ஆகவே முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓவர்டைமை முடிவு செய்யுங்கள்.

வாடகை, தேய்மானம், உங்கள் மேற்பார்வை

இந்த மூன்றையும் சேர்த்து 59,000 ரூபாய் எழுதியிருக்கிறீர்கள், மூன்றும் போக வேண்டும். பட்டறை வாடகை ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் அதே 12,000. தேய்மானம் என்பது மெஷின் வாங்கிய அன்று கொடுத்த பணத்தை ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதும் ஏற்பாடு; 600 பெட்டி ஓடியதால் மெஷினின் மறுவிற்பனை விலை குறையுமென்றால் அந்தக் குறைவை மட்டும் போடலாம், உங்கள் பழைய மெஷினுக்கு அது குறையப் போவதில்லை. பதிலாக நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன்: அத்தனை பலகையை இழைத்தால் பிளேடுகளைக் கூடுதலாகச் சாணை பிடிக்க வேண்டியிருக்கும், மாற்றவும் வேண்டியிருக்கும். அதற்கு 3,000 வைத்திருக்கிறேன். மேற்பார்வைக்கு நீங்கள் வேறெங்கும் சம்பளத்தை விட்டுவிட்டு வரவில்லையென்பதால் 20,000 கணக்கில் வராது. இரண்டு மாதம் இரவு பத்து மணிவரை பட்டறையில் நிற்பது உங்களுக்குச் சம்மதமா என்பது வேறு கேள்வி. அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஊட்டியில் சாக்லேட் செய்யும் ஒருவருக்கு, தேய்மானத்தையும் கடை வாடகையையும் கிலோவுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டு, ஒரு திருமண ஆர்டரை மறுக்கச் சொன்னேன். மறுத்தார். அந்த மாதம் முழுவதும் மெஷின் மூடிக் கிடந்தது, வாடகை மட்டும் குறையவில்லை. அதற்குப் பிறகு ஒருமுறை ஆர்டர் என்று யார் வந்தாலும், முதலில் வாடகை வரியில்தான் என் கண் போகிறது.

முத்திரைக்கு லேசர் மெஷினே வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 85,000க்கு வாங்கி, வேலை முடிந்ததும் 50,000க்கு விற்கலாம் என்பது உங்கள் எண்ணம். அப்படியானால் இந்த ஆர்டருக்கு அதன் செலவு 35,000. வெளியில் கொடுத்தால் 10,800. வேறு வேலைகள் கையில் உறுதியாக இல்லாதவரை வெளியில் கொடுங்கள்.

கணக்கில் வராமல் போனவை

இருவரும் எழுதாத இரண்டு செலவுகள் இருக்கின்றன. முதலாவது ஈரம். கோத்தகிரியின் பனிமூட்டத்தில், கூரைக்குக் கீழே அடுக்கியிருந்தாலும், பலகை காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். இங்கே கச்சிதமாக மூடும் பெட்டி, கோவையில் குளிர்சாதன அறையில் ஒரு மாதம் இருந்தால் மரம் காய்ந்து சுருங்கி, மூலைகள் வாய்பிளக்கும், மூடி நெளியும். இங்கே விற்கும் அலமாரிக்கு இந்தத் தொல்லை அவ்வளவு தெரியாது, ஏனென்றால் அது செய்த காற்றிலேயே இருக்கிறது. எனவே பலகையைச் சமவெளியில் சூளையில் உலர்த்திக் கொண்டுவர வேண்டும், அல்லது உலர்த்திய பலகையாகவே வாங்க வேண்டும். உலர்த்தும் கூலி கன அடிக்கு 60 வீதம் 4,500, போகவர லாரி 7,000, ஆக 11,500 என்று உத்தேசமாக வைத்திருக்கிறேன். நீங்கள் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பணத்துக்குக் காத்திருக்கும் செலவு. கைமரத்துக்குப் பதில் மரம் வாங்குவதிலிருந்து லாரி வாடகை வரை, ஓவர்டைம் நீங்கலாக, ஏறக்குறைய 1,50,000 ரூபாயை உங்கள் வங்கி ஓவர்டிராஃப்ட் (மிகைப்பற்று) கணக்கிலிருந்துதான் எடுப்பீர்கள். வேலைக்கு இரண்டு மாதம், பணம் வரக் காத்திருக்க இரண்டு மாதம், 12 சதவீத வட்டி என்றால் 6,000. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் மெஷின் கடனின் தவணையைச் சேர்க்காமல் விட்டீர்கள், அது சரிதான். ஆனால் இந்த வட்டி இந்த ஆர்டரால் மட்டும் வருவது.

இப்போது கூட்டிப் பாருங்கள். சில்வர் ஓக் 61,500, தேக்கு 19,500, கீலும் கொண்டியும் 22,800, வார்னிஷ் வகை 15,000, ஓவர்டைம் 48,000, மின்சாரம் 6,500, பிளேடு 3,000, முத்திரை 10,800, லாரி 12,000, அட்டை 7,200, உலர்த்தல் 11,500, வட்டி 6,000. மொத்தம் 2,23,800, பெட்டிக்கு 373 ரூபாய். ஷோகேஸை விட்டுவிடும் வழியில் 363. கோவைக்காரர் தருவதாகச் சொன்ன 2,70,000 ரூபாய்க்கு எடுத்தால், நீங்கள் நினைத்த 44,300 நஷ்டத்துக்குப் பதில் 46,200 ரூபாய் மிஞ்சும். கொழுந்தனார் சொன்ன 300க்கு எடுத்தால் 43,800 கையைக் கடிக்கும்.

373 என்பது நீங்கள் சொல்ல வேண்டிய விலை அல்ல

இந்த எண்ணைக் கண்டுபிடித்ததும் சிலர் அதையே வாயைத் திறந்து சொல்லிவிடுகிறார்கள். 373 என்பது அதற்குக் கீழே போனால் வேலையை எடுக்காமல் இருப்பதே மேல் என்று காட்டும் அடித்தளம். அதை உங்கள் நோட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள். 600 பெட்டியில் 30 பெட்டி மூடி சரியில்லை என்று திரும்பி வந்து, மறுபடி செய்து அனுப்ப நேர்ந்தால் மட்டுமே ஏறக்குறைய 11,000 ஆகும், பெட்டிக்கு 19 ரூபாய் அங்கேயே போய்விட்டது. ஆகவே 400க்குக் கீழே இறங்காதீர்கள். பேச்சை 485லிருந்து தொடங்குங்கள். உலர்த்திய மரம், தேக்கு மூடி, பித்தளைச் சாமான் என்று காரணம் காட்ட உங்களிடம் பொருள் இருக்கிறது. 450க்கே வந்து நின்றாலும் எடுக்கலாம்.

இந்த விலை இந்த ஓர் ஆர்டருக்கு, இந்த மந்தமான இரண்டு மாதத்துக்கு மட்டும். அடுத்த தீபாவளிக்கும் அதே விலையில் வேண்டும் என்றோ, சித்திரை வைகாசி சீசனில் 200 பெட்டி வேண்டும் என்றோ கேட்டால் இதே எண்ணைக் கொடுக்கக் கூடாது. சீசனில் ஆசாரிகளின் ஒரு மணி நேரமும் சும்மா இருப்பதில்லை. ஆண்டுக்காண்டு வரும் வேலை என்றாகிவிட்டால் அதுவும் வாடகையில் தன் பங்கைச் சுமந்தாக வேண்டும். அப்போது நீங்கள் முதலில் போட்ட 524 ரூபாய்க் கணக்குத்தான் பேசும். உள்ளூர் வாடிக்கையாளர் காதில் 450 விழாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

பணமும் சட்டமும்

60 நாள் கழித்துப் பணம் என்பதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவுள்ள சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாளுக்குள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி சேரும். உங்களுக்கு உத்யம் பதிவு இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. இணையத்தில் இலவசமாகவே செய்யலாம், ஆனால் சரக்கு அனுப்புவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். பெட்டிகளைப் பெற்றுக்கொண்ட 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆகவே டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் லாரியைத் திருப்பாதீர்கள். சட்டம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக முதல் நாளே அதை எடுத்து மேசைமேல் வைக்கவும் வேண்டாம். 40 சதவீதம் முன்பணம், அதாவது 1,08,000 கேளுங்கள். அது கிடைத்தால் நான் மேலே போட்ட வட்டியில் பெரும்பகுதி தேவைப்படாது.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரே வரியில், 40 லட்சம் தாண்டாததால் கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கும்வரை அது சரி. ஆனால் 600இல் 150 பெட்டியைப் பாலக்காட்டு முகவர்களின் பெயரிலேயே பில் போட்டு நேராக அனுப்பிவிடுங்கள் என்று கடைசி நேரத்தில் கேட்டால், அது வெளிமாநில விற்பனை. அதற்கு விற்பனை அளவு எவ்வளவாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். கைவினைப் பொருட்களுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு, மெஷினில் இழைத்த உங்கள் பெட்டி அதில் அடங்குமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். எளிய வழி, எல்லாப் பெட்டியையும் கோவையில் அவர்கள் கிடங்கிலேயே ஒப்படைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது.

தாமதமானால் நாளொன்றுக்கு ஒரு சதவீதம் பிடித்தம் என்று அவர்கள் அனுப்பிய வரைவில் இருப்பதைக் குறிப்பிட்டு, அது வழக்கமான வாசகம்தானே என்று கடந்துபோயிருக்கிறீர்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மலைப்பாதையில் எங்கே மண் சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2009 நவம்பர் மண்சரிவில் நம் மலை பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். மழையாலோ மண்சரிவாலோ சாலை அடைபட்ட நாட்களுக்குப் பிடித்தம் கிடையாது என்றும், மொத்தப் பிடித்தம் ஐந்து சதவீதத்தைத் தாண்டாது என்றும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சரக்கையும் ஒரே லாரியில் கடைசி வாரத்துக்கு வைக்காமல், முதல் 300 பெட்டியைப் புரட்டாசி நடுவிலேயே இறக்கிவிடுங்கள். லாரி வாடகையில் இரண்டு நடைக்குத்தானே கணக்கு வைத்திருக்கிறீர்கள்.

விலை பேசப் போவதற்கு முன் தேக்குத் துண்டுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 600 மூடிக்குப் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இரண்டு ஆண்டு கிடந்ததில் முனை வெடித்தவை எத்தனை என்று எழுதவில்லை. 40 மூடிக்குக் குறைந்தால்கூட அந்த நாற்பதுக்குப் புதுத் தேக்கு இன்றைய விலையில்தான் வாங்க வேண்டும், அந்த இடத்தில் 19,500 கணக்கு செல்லாது. இன்னொன்று: வார்னிஷை வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேயிலைத்தூள் பக்கத்திலிருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். உட்புறத்தை உப்புத்தாள் போட்டு வெறும் மரமாக விட்டுவிட்டால், வார்னிஷிலும் கொஞ்சம் மிஞ்சும்.